கைப்புண்ணுக்கு எல்.இ.டி. திரை

சம்பந்தி வீட்டார் காரை விட்டு இறங்கியபோது என் அப்பா கேட்டருகில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு நீல பிளாஸ்டிக் பேசினோடு நின்றிருந்தார். பேசின் நிறையப் பால்போல் வெளுத்த தண்ணீர். அதன் நெடி மாடி வரை வந்தது.

"வாங்க சம்பந்தி, வாங்க. மொதல்ல கைய இதுல நல்லா முக்கீருங்க. அப்பறம் ஊட்டுக்குள்ள போலாமுங்க."

என் தம்பி கார்த்திக்குப் பெண் கொடுக்கப் போகிறவர்கள். எங்கள் சனம்தான். ஆனால் எப்போதோ ஆத்தூர் பக்கம் காடு தோட்டம் வாங்கிக்கொண்டு போய், அங்கேயே தங்கிவிட்டவர்கள். பேச்சு மாறிவிட்டது, பழக்கவழக்கமும் மாறியிருக்குமோ என்று இரண்டு தரப்புக்கும் ஒரு பயம் இருந்தது. நாமக்கல்லில் என்ன நடந்தாலும் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டுவதென்று அவர்கள் முடிவுகட்டி வந்திருந்தது பின்னால்தான் தெரிந்தது.

சம்பந்தி நல்ல உயரம், நிதானமான மனிதர். பேசினைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"என்னங்க சம்பந்தி, இது உங்க பக்கத்துச் சீருங்களா?"

"எங்க பண்ணையில இது இல்லாம ஈ காக்கா உள்ள வர முடியாதுங்க," என்றார் அப்பா பெருமையாக.

சீர் என்றால் எங்கள் சனத்துக்குக் கல்யாணச் சடங்கு. சம்பந்திக்கு அது போதும். கைக்கடிகாரத்தைக் கழற்றினார், செருப்பைக் கழற்றினார், கிழக்கே பார்த்து நின்று இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை முக்கி எடுத்து, ஈரத்தோடு ஒரு கும்பிடு போட்டார். அவர் மனைவியும் அப்படியே செய்தார். என் அம்மா துண்டை நீட்டினார். "சீர்த் தண்ணியத் துடைக்கலாமாம்மா?" என்று சம்பந்தி மறுத்துவிட்டார்.

அது கோழிக் கொட்டகைக்கு அடிக்கும் கிருமிநாசினி. மாடி அறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடித்த கை எரிந்தது. எல்லா வினைக்கும் மூலகாரணம் அந்தக் கைதான்.

கையின் பூர்வீகம்

போன வாரம் இந்தப் பத்தியில் மூன்றடுக்கு கேக் சரிந்த கதையை எழுதியதிலிருந்து வாசகி ஒருவர் விடாமல் கேட்கிறார்: படத்தில் எப்போதும் கையில் வெள்ளைத் துணியுறை போட்டிருக்கிறீர்களே, அது என்ன ஸ்டைல்? ஸ்டைலும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. அரிப்பு.

என் தோலுக்குச் சின்ன வயதிலிருந்தே தனிப் புத்தி. அப்போது முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் இருந்தது. வளர வளர இடம் பெயர்ந்து கைக்கு வந்து குடியேறிவிட்டது. குளிருக்கு வரும், பரீட்சைக்கு வரும், மாமியார் வருகிறார் என்றாலும் வரும்.

முதலில் வெறும் அரிப்பு. பிறகு விரல்களின் ஓரத்தில் ஜவ்வரிசி மாதிரி சின்னச் சின்னக் கொப்புளம். ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் கையில் ஜவ்வரிசி விளைவதில் ஆச்சரியமில்லை என்பார் என் வீட்டுக்காரர். கொப்புளம் உடைந்து நீர் கசியும், காய்ந்து பொருக்குத் தட்டும், செதில் செதிலாக உரியும். சொறியச் சொறியத் தோல் தடித்துக் கறுத்துப்போய், கடைசியில் கோடைக்கால ஏரி மாதிரி வெடித்து நிற்கும். சொறிகிற சுகம் இருக்கிறதே, அதற்கு ஈடாக வேறு சுகத்தை நான் கண்டதில்லை. அதற்குப் பிறகு வருகிற எரிச்சலுக்கு ஈடாகவும் எதையும் கண்டதில்லை.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காடு மலை தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். மாவு, வெண்ணெய், பாத்திரம், சோப்பு, தண்ணீர். மறுபடி மாவு, பாத்திரம், சோப்பு. கை காய நேரமே கிடையாது. தம்பி கல்யாண வேலைக்காக நாமக்கல்லுக்குப் போன இடத்தில், அம்மாவுக்கு ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று வீட்டிலிருந்த பித்தளைச் சாமான் அத்தனையையும் தேய்த்துவைத்தேன். இரண்டே நாளில் கை தக்காளிச் சட்னி நிறத்துக்கு வந்துவிட்டது.

முட்டையைச் சொல்லாதே

"கத்திரிக்கா தின்னியா? கருவாடு தின்னியா? கம்பு, சோளம்?" என்று அம்மா கேட்கத் தொடங்கினார். எங்கள் பக்கம் தோலில் எது வந்தாலும் அது கரப்பான். கரப்பானைக் கிளப்புகிற சாப்பாடெல்லாம் கரப்பான் பண்டம். அம்மா சொன்ன வரிசையைக் கேட்டால் மிச்சமிருப்பது வெந்நீரும் விபூதியும்தான்.

அப்போது என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். சேலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்தவர், ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஒருவேள தினமும் முட்டை ஒடைக்கறாளே, அதுனால இருக்குமோ?" என்றார்.

என் அப்பா முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். நாமக்கல்லில் ஒருவர் சாமியைக்கூடக் குறை சொல்லலாம்.

"மாப்பிள்ள," என்றார் அப்பா. "வேற எதையாச்சும் சொல்லுங்க. முட்டையச் சொல்லாதீங்க."

பிராயச்சித்தமாக மாப்பிள்ளை தட்டில் அவித்த முட்டைகள் வந்து விழுந்தன. அத்தனையையும் சாப்பிட்டார். பின்னாளில் டாக்டர், "உங்களுக்கு முட்டை காரணமில்லை" என்று சொன்னபோது அப்பாவின் கண் கலங்கியது. கை ஆறிவிடும் என்று அவர் சொன்னபோது கலங்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தனிக் கொட்டகை

அப்பாவைக் குற்றம் சொல்லவும் முடியாது. பண்ணைக்காரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாழ்கிறவர்கள். ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டால் போதும், தூக்கம் போய்விடும். ஒன்றுக்கு வந்தால் கொட்டகைக்கே வந்த மாதிரி. அதனால் அங்கே சட்டம் ஒன்றுதான்: பிரித்து வை, மருந்தடி, முக்கி எடு. வேறு வைத்தியம் அவருக்குத் தெரியாது.

என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்காமல் என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"தீனி எடுக்குதுங்களா மாப்பிள்ள? தண்ணி குடிக்குதுங்களா?"

"ரெண்டும் எடுக்குதுங்க மாமா. சத்தமும் போடுது."

கையைப் போட்டோ எடுத்து, பண்ணைக்கு வருகிற கோழி டாக்டருக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. "இறகு எப்பலேர்ந்து உதிருது?" என்று பதில் வந்தது. அப்பா, "இறகு இல்லீங்க, எம் மகளுங்க" என்று பேசி அனுப்பினார். அதற்கப்புறம் அந்த மனிதர் போனையே எடுக்கவில்லை.

"அம்மிணி, தப்பா நெனைக்காத சாமி," என்றார் அப்பா. "ஆறற வரைக்கும் நீ மாடில இரு. தட்டு டம்ளர் தனியா இருக்கட்டும். கார்த்தியத் தொடாத. இணைச்சீருக்கு நம்ம கோகிலா உக்காந்துக்கட்டும்."

எங்கள் பக்கத்தைச் சேராதவர்களுக்கு இணைச்சீரைச் சொல்ல வேண்டும். கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு அவன் கூடப்பிறந்தவள் மேடையில் சரிசமமாக உட்காருவாள். கூறைச்சேலையின் ஒரு நுனி அவன் கையில், இன்னொரு நுனி இவள் கையில். தாலி கட்டிப் பெண்டாட்டி வருவதற்கு முன்னால், இவளும் உன் பொறுப்புதான் என்று ஊரைக் கூட்டி அவனுக்குச் சொல்லிவைக்கிற சீர் அது. ஆயுளுக்கு ஒருமுறை. எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவன் பிறந்த அன்றிலிருந்து அந்த இடம் எனக்கென்று போட்டுவைத்த இடம்.

கோகிலா என் பெரியப்பா மகள். அன்று சாயங்காலமே மாடிப்படியில் பாதிவரை வந்து, எட்ட நின்றபடி ஒரு பையைத் திறந்து காட்டினாள். ஆரி வேலை செய்த ரவிக்கை. முதுகு முழுக்க மயில்.

"ஏனுங்க்கா, ஒரு பேச்சுக்குத் தெச்சு வெச்சேனுங்க. இப்படி ஆகும்னு யாரு கண்டா," என்றாள்.

ஆரி வேலைக்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? என் கை சிவப்பதற்கு முன்பே மயிலுக்குத் தோகை முளைத்திருக்க வேண்டும்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கண்ணைத் துடைத்தால் கண்ணீரின் உப்புப் பட்டுக் கை எரிந்தது. அதற்கும் சேர்த்து இன்னொரு பாட்டம் அழுதேன்.

சீக்கு பரவிய விதம்

மறுநாள் கேட்டில் ஒரு பேசின், சமையலறை வாசலில் ஒன்று, மாடிப்படிக்குக் கீழே ஒன்று. தாண்டுகிறவர்கள் எல்லாரும் கையை முக்க வேண்டும். அம்மா சமையலறைக்கும் கொல்லைக்குமாக அலைகிறவர். பாவம், நாளெல்லாம் முக்கினார்.

முதலில் அம்மாவுக்குத்தான் வந்தது. விரல் இடுக்கு சிவந்து, தோல் காகிதம் மாதிரி காய்ந்து அரித்தது. அப்புறம் ரவிக்கையைச் சரிபார்க்க வந்து வந்து போன கோகிலாவுக்கு மணிக்கட்டில். அப்புறம் மாப்பிள்ளைப் பையன் கார்த்திக்கு உள்ளங்கை முழுக்க.

"பாத்தீங்களா? பரவுதுன்னு சொன்னேனில்ல?" என்றார் அப்பா. மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினார். அரிப்பு இன்னும் கூடியது. அப்பா இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

பயம் வந்துவிட்டால் அவரவர் பழைய அரிப்பெல்லாம் வெளியே வரும். அம்மா ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் காட்டினார். அடியில் வட்டமாகக் கறுத்திருந்தது, அந்தப் பசை ஆகவில்லையாம். கார்த்தி பனியனைத் தூக்கினான். பெல்ட் பக்கிள் படுகிற இடத்தில், தொப்புளுக்குக் கீழே, செக்கச்செவேலென்று ஒரு திட்டு. காலமெல்லாம் லாரி ஓட்டிய பெரியப்பாவுக்கு நரம்பு சுருண்ட கணுக்காலில் கறுத்து நீர் வடிகிற படை. அப்பாவின் புருவத்திலிருந்தே வெள்ளைச் செதில் கொட்டிக்கொண்டிருந்தது. "இது பொடுகு. சீக்குல சேத்தி இல்ல," என்று தன்னை மட்டும் விலக்கிக்கொண்டார்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு காரணம் உண்டென்று அப்போது எங்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் என் கணக்கில் எழுதிவிட்டார்கள். மாடியில் இருந்தபடியே நான் ஒரு வம்சத்தையே சொறிய வைத்துவிட்டேனாம்.

சம்பந்தியின் போன்

இந்த நிலைமையில்தான் இரட்டிப்பு மருந்துக் கரைசலில் சம்பந்தி கை முக்கியது, துடைக்காமல் கும்பிட்டது எல்லாம்.

அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்து சில நாளில் போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனதுலேர்ந்து எங்க ரெண்டு பேருக்கும் கையெல்லாம் ஒரே அரிப்பு. பொண்ணக் கொடுக்கற எடம், அதான் கேக்கறேன். உங்க குடும்பத்துல பரம்பரையா ஏதாச்சும் இருக்கா?"

அப்பா போனைக் கையால் பொத்தினார். கார்த்தி படியில் உட்கார்ந்துவிட்டான். "போச்சுங்க்கா," என்றான், இரண்டு உள்ளங்கைகளையும் சொறிந்தபடி.

அதுவரை என் இணைச்சீர்தான் போயிருந்தது. இப்போது அவன் கல்யாணமே போகப்போகிறது. நான் மாடியை விட்டு இறங்கினேன். கீழே இருந்த பேசினைக் காலால் தள்ளிவிட்டேன். "கோழி வைத்தியம் போதுமுங்கப்பா. எல்லாரும் வேன்ல ஏறுங்க," என்றேன்.

அஸ்தம்பட்டியில்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு தோல் டாக்டரம்மா. சுவரில் மாதா படம், மேசையில் சின்ன ஜெபமாலை. நாங்கள் குடும்பத்தோடு உள்ளே நுழைந்ததும், அப்பா பையிலிருந்து ஸ்ப்ரேயரை எடுத்து, நோயாளிகள் உட்காரும் ஸ்டூலின் மேல் புஸ்ஸென்று அடித்தார். டாக்டரம்மா தும்மினார்.

அப்பாவே ஆரம்பித்தார். "மொதல்ல இதுக்குத்தானுங்க வந்துச்சு. தீனியெல்லாம் நல்லா எடுக்குதுங்க. அப்பறம் ஒண்ணொண்ணாப் பரவீருச்சுங்க. ஒதுக்கிக்கூட வெச்சுப் பாத்தேனுங்க."

டாக்டரம்மா எழுந்து வந்து, உறை போடாமல், என் இரண்டு கைகளையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். எத்தனையோ நாள் கழித்து ஒரு மனுஷி என்னைத் தொடுகிறார்.

"பாருங்க ஐயா, நான் தொடறேன். எனக்கு ஒண்ணும் ஆகாது. இது எக்ஸிமா. ஒட்டுவாரொட்டி இல்ல. இவங்க தோல் பிறவியிலேயே கொஞ்சம் வறண்ட தோல், சோப்பும் ஈரமும் சேர்ந்து கிளப்பிவிட்டிருக்கு. வரும், போகும். யாருக்கும் ஒட்டாது."

"ஒட்டாதுன்னா ஊட்டுல அத்தன பேருக்கும் எப்படிங்க அரிக்குது?"

டாக்டரம்மா அம்மாவின் கையைப் பார்த்தார், கோகிலாவின் மணிக்கட்டைப் பார்த்தார், கார்த்தியின் உள்ளங்கையை முகர்ந்தே பார்த்தார். பிறகு அப்பாவிடம் கை நீட்டினார்.

"அந்த ஸ்ப்ரேயர்ல என்னங்க இருக்கு?"

அப்பா உற்சாகமாகிவிட்டார். ஸ்ப்ரேயரோடு, பையில் இருந்த கேனையும் எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டரம்மா கேனின் பின்பக்கத்தை விரலால் தொட்டுப் படித்தார்: கொட்டகைத் தரைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும். தண்ணீர் கலந்து தெளிக்கவும். வெறும் கையால் தொடக் கூடாது.

"எழுத்து பொடிசா இருக்குதுங்க," என்றார் அப்பா. குரல் இறங்கிவிட்டது.

"இவங்களுக்கெல்லாம் வந்திருக்கறது உங்க பொண்ணோடது இல்லைங்க ஐயா. இந்த மருந்து தின்ன தோல். உங்க பொண்ணு யாருக்கும் எதுவும் கொடுக்கல. நீங்கதான் ஆளுக்கு ஒரு பேசின் வெச்சுக் கொடுத்திருக்கீங்க."

அறையில் சொறிகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அப்பா மெதுவாகக் கேட்டார், "அப்ப கோழிக்கு அரிக்காதுங்களா?"

"கோழி சொன்னாத்தானேங்க தெரியும்," என்றார் டாக்டரம்மா.

களிம்பு எழுதிக்கொடுத்தார். கை கழுவியதும் ஈரம் காய்வதற்குள் எண்ணெய்ப்பசையான கிரீம், சுடுதண்ணீர் ஆகாது, பாத்திரம் தேய்க்க ரப்பர் உறை, அதற்குள்ளே பருத்தி உறை. ஸ்டிக்கர் பொட்டுக்கும் பெல்ட் பக்கிளுக்கும் பெரியப்பாவின் காலுக்கும் தனித்தனியாகப் பெயர் சொன்னார். அப்பாவின் புருவத்தைக் காட்டி, "அதுவும் ஒரு வகை எக்ஸிமாதாங்க" என்றார். வேனில் ஏறும் வரை நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், அப்பா சிரிக்கவில்லை.

சம்பந்தியிடமும் டாக்டரம்மாவே போனில் பேசினார். பயப்பட ஒன்றுமில்லை, பரம்பரையும் இல்லை, அன்றைக்குக் கை முக்கிய தண்ணீர்தான் கொஞ்சம் காட்டம் என்று.

"சீருன்னா காட்டமாத்தாங்க இருக்கும்," என்று சம்பந்தி சமாதானமாகிவிட்டார். அவரைத் திருத்த எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

மண்டபம்

கல்யாணத்தன்று மற்றவர்கள் கையெல்லாம் ஆறிவிட்டது. பேசினை எடுத்ததுமே அவர்கள் தோல் தேறிவிட்டது. என் கை மட்டும் முக்கால்வாசிதான். சிவப்பு இறங்கியிருந்தது, கறுப்பும் வெடிப்பும் அப்படியே. அப்பா அதுவரை இணைச்சீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் மேடையிலிருந்து, "மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவங்க வாங்க," என்று கூப்பிட்டார். மயில் ரவிக்கையோடு கோகிலா எழுந்தாள். நானும் எழுந்தேன். அப்பா என் கையைத்தான் பார்த்தார்.

"கோகிலா, நீ உக்காரு கண்ணு," என்றார். "அம்மிணி, நீ போ சாமி."

எப்படி மேடை ஏறினேன் என்று நினைவில்லை. தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன். கூறைச்சேலையின் நுனி என் கைக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தால், மேடைக்குப் பக்கத்தில் சுவர் உயரத்துக்கு எல்.இ.டி. திரை. அதில் என் கை. பலாப்பழம் பருமனுக்கு, ஒவ்வொரு வெடிப்பும் வாய்க்கால் அகலத்துக்கு. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். எங்களுக்குச் சுவரளவு திரையே வாய்த்தது.

மண்டபத்தில் முணுமுணுப்பு ஓடியது. "கையில என்னமோ படை போல இருக்குது பாரு" என்று ஒரு குரல் தெளிவாகவே கேட்டது. கேமராக்காரரின் தோளைப் பிடித்துத் திருப்பி, "ஏனுங்க, இந்த மயிலப் புடிங்க, நல்லா இருக்கும்" என்று கோகிலா முதுகைக் காட்டினாள். எனக்கு அவள் மேலிருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. ஆனால் இன்னொரு கேமரா என்னை விடவில்லை. சேலையைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

அப்போது அப்பா மேடை ஏறினார். வேட்டி மடிப்பிலிருந்து களிம்பு டியூபை எடுத்தார். என் பக்கத்தில் மண்டியிட்டு, என் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்து, ஒவ்வொரு விரலாக, இடுக்கு விடாமல் தடவ ஆரம்பித்தார். உறை போடாத வெறும் கையால். திரையில் இப்போது இரண்டு கைகள். நான் அழுதேன், மேக்கப் போனால் போகட்டும் என்று நன்றாகவே அழுதேன்.

அருமைக்காரர் குழம்பிப்போனார். "இது எந்தச் சீருங்க? நான் கேள்விப்பட்டதில்லீங்களே," என்றார்.

அப்பா நிமிரவில்லை. "எங்க ஊட்டுச் சீருங்க," என்றார்.

முன்வரிசையில் சம்பந்தி எழுந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, மேடை ஏறி வந்து, கிழக்கே பார்த்து நின்று, பயபக்தியோடு அப்பாவின் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினார். அப்பா ஒரு கணம் அவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவருக்கும் தடவிவிட்டார். அவருக்குப் பின்னால் ஆத்தூர்க்காரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். டியூப் தீர்ந்துவிட்டது.

போன தை மாதம் சம்பந்தி மகனுக்குக் கல்யாணம். என் தம்பி பெண்டாட்டிதான் இணைச்சீருக்கு உட்கார்ந்தாள். சீர் முடிந்ததும் சம்பந்தி மைக்கை வாங்கி, "நாமக்கல் மாப்பிள்ளையோட அக்கா மேடைக்கு வாங்க, களிம்புச் சீருக்கு நேரமாச்சு," என்றார்.

துணியுறையைக் கழற்றிவிட்டு மேடை ஏறினேன். களிம்புக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது எப்போதும் என் கைப்பையில்தான் இருக்கிறது.